அபராதம் கட்டப் பணம் இல்லையென்றால் என்ன நடக்கும்?

"இரண்டு ஆண்டு சிறை, பத்தாயிரம் ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் மேலும் மூன்று மாதம் சிறை" என்று பத்திரிகையில் அடிக்கடி படிக்கிறோம். அந்தக் கடைசி மூன்று மாதத்தை நீதிபதி இஷ்டத்துக்குச் சொல்லிவிட முடியாது. அதற்கும் உச்சவரம்பு இருக்கிறது.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 8-வது பிரிவு இதைச் சொல்கிறது. குற்றத்துக்குச் சிறை, அபராதம் இரண்டும் உண்டு என்றால், அபராதம் கட்டாததற்கான சிறை அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சச் சிறைக்காலத்தில் கால் பங்குக்கு மேல் போகக்கூடாது. சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு. ஆக, அபராதம் கட்டாததற்கு ஒன்பது மாதம்தான் எல்லை. இது அசல் தண்டனைக்கு மேல் தனியாக அனுபவிக்க வேண்டியது, அதோடு சேர்ந்து கழியாது.

அபராதம் மட்டுமே விதிக்கக்கூடிய குற்றமா? அப்போது வெறுங்காவல்தான் (கட்டாய வேலை இல்லாத சிறை), கடுங்காவல் கிடையாது. தொகை 5,000 ரூபாய் வரை இருந்தால் இரண்டு மாதம், 10,000 வரை நான்கு மாதம், அதற்கு மேல் எவ்வளவானாலும் ஓராண்டு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இந்தக் கடைசி எல்லை ஆறு மாதம்தான். 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றம் என்றால் பழைய கணக்கே பொருந்தும். குற்றம் நடந்த நாளில் இருந்த சட்டத்தைவிடக் கூடுதலாகத் தண்டிக்கக்கூடாது என்று அரசியலமைப்பின் 20(1) பிரிவே சொல்கிறது. 1947-இல் நடந்த குற்றத்துக்கு 1949-இல் வந்த சட்டத்தை வைத்துக் கூடுதல் அபராதம் போட்டபோது, கேதார்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1953-இல் அந்தக் கூடுதலை ரத்து செய்தது.

சரி, உள்ளே போன பிறகு வீட்டார் பணம் புரட்டிக் கட்டினால்? அபராதம் கட்டாததற்கான சிறை அன்றே முடிந்துவிடும். பாதிப் பணம்தான் கிடைத்தது என்றாலும் வீண்போகாது. சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: 1,000 ரூபாய் அபராதம், கட்டாவிட்டால் நான்கு மாதம். முதல் மாதம் முடிவதற்குள் 750 ரூபாய் கட்டிவிட்டால், அந்த ஒரு மாதம் முடிந்ததும் வெளியே வரலாம். 500 கட்டினால் இரண்டு மாதத்தில். முழுத்தொகை சேரட்டும் என்று காத்திருந்து கைதியை உள்ளேயே விட்டுவைக்கும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உள்ளே போகாமல் தவிர்க்கவும் வழி உண்டு. தண்டனை அபராதம் மட்டும்தான் என்றால், நீதிமன்றம் 30 நாள் அவகாசம் தரலாம், அல்லது இரண்டு மூன்று தவணையாகக் கட்டச் சொல்லலாம். அதற்குப் பிணைப்பத்திரம் எழுதித் தர வேண்டும். தீர்ப்பு வந்த கையோடு வக்கீல் இதைக் கேட்க வேண்டும். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை, ஆனால் பலர் கேட்பதே இல்லை.

அப்புறம், சிறையில் கழித்துவிட்டால் அபராதம் தீர்ந்ததா? தானாகத் தீராது, சொத்தை ஜப்தி செய்தோ, கலெக்டர் மூலம் நிலவரி பாக்கி போலவோ வசூலிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் கட்டாததற்கான சிறைக்காலத்தை முழுக்க அனுபவித்துவிட்டவரிடம், பொதுவாகத் தனிக் காரணத்தை எழுத்தில் பதிவு செய்யாமல் வசூல் வாரண்ட் போடக்கூடாது.

அபராதம் கட்ட முடியாமல் சிறையிலேயே கிடக்கும் ஏழைகளுக்காக 2023-இல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதன் நெறிமுறைப்படி, சிறைக் கண்காணிப்பாளர் ஏழு நாளுக்குள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் வறுமை நிலையை விசாரித்த பின், மாவட்ட அளவிலான குழு 25,000 ரூபாய் வரை ஒப்புதல் தரலாம். அதற்கு மேல் என்றால் மாநிலக் குழுவுக்குப் போகும். பணம் கைதியின் கைக்கு வராது, நேராக நீதிமன்றத்தில் கட்டப்படும். ஊழல் தடுப்பு, போதைப்பொருள், பணமோசடித் தடுப்பு, ஊபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்பு) சட்டங்களின் கீழ் உள்ளவர்களுக்கு இது கிடைக்காமல் போகலாம்.

கண்காணிப்பாளரிடமிருந்து தகவல் போகாமல் இருந்தால், வீட்டார் நேரே ஆணைக்குழு அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். அது பெரும்பாலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. இலவச உதவி எண் 15100.