கடைமடைக்கு வராத கார்டிசால்

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மகனுக்கு 14 வயது. ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் சேர்ந்தே இருக்கின்றன. “விடிந்து எழும்போதே உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்கிறார்கள். அப்படியானால் என் அசதி பொய்யா?”

பொய் இல்லை, சகோதரி.

நெருக்கடி வந்தால் நடப்பது பள்ளிப் பாடம்தான். மூளையின் ஹைபோதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்லும். பிட்யூட்டரி, சிறுநீரகங்களின் தலைமேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பிகளுக்குச் சொல்லும். அவை சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் ரத்தத்தில் இறங்கும். சர்க்கரையை ஏற்றும், அழற்சியை அடக்கும். அன்றாடம் அதன் அளவு விழித்த அரை மணி நேரத்தில் உச்சம், நள்ளிரவை ஒட்டி அடிமட்டம்.

நான் மயங்கி நிற்கும் இடம் இனிமேல்தான். பவானிசாகரில் மதகைத் திறந்தால் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் 200 கிலோமீட்டர் அளவுக்கு ஓடிக் கடைமடை சேர வேண்டும். அங்கிருந்து “வந்துவிட்டது, போதும்” என்று தகவல் போனால் மதகை இறக்கலாம். உடம்பில் அந்தத் தகவலைக் கொண்டுபோகத் தனி ஆள் கிடையாது. தண்ணீரே தூது! கார்டிசால் ரத்தத்தோடு சுற்றி மூளைக்குத் திரும்பி, அங்கே அதை உணரும் ஏற்பிகளில் அமர்ந்து, தன்னைச் சுரக்கச் சொன்ன உத்தரவையே நிறுத்துகிறது.

வருடக்கணக்கில் நெருக்கடி ஓயாவிட்டால் வாய்க்கால் எப்போதும் கரைபுரளும் என்றுதான் நினைப்போம். அமெரிக்காவின் விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழகத்தில் மார்ஷா மெய்லிக் செல்ட்சர் குழு, ஆட்டிசமுள்ள வளரிளம் பருவத்தினர், பெரியவர்களின் தாய்மாரிடம் ஒரு நாளைக்கு நான்கு முறை உமிழ்நீர் எடுத்து அளந்தது. 2010-இல் வெளியான முடிவு நேர்மாறு: மற்ற தாய்மாரைவிட இவர்களுக்குக் கார்டிசால் குறைவு. போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்கள் சிலரிடம் காணப்படும் அதே தாழ்ந்த கோடு.

ஏன்? அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயை ஆராய்ந்தவர்கள் தரும் ஒரு விளக்கம் என்னை வியக்க வைக்கிறது. நெடுநாள் பாரத்தில் மூளையின் ஏற்பிகள் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடுகின்றன. ஒரு குடம் தண்ணீர் வந்தாலே “போதும்” என்று கேட்கிறது, மதகு இறங்கிவிடுகிறது. கடைமடை காய்கிறது. அசதி, வலி, அடங்காத அழற்சி எல்லாம் அந்த வறட்சியோடு சேர்ந்து வரக்கூடியவை. இது அட்ரீனல் செயலிழந்த நோய் அல்ல. எனவே ஒருநாள் காலையில் எடுத்த ரத்தத்தில் தெரியாமலே போகலாம். உங்கள் உடம்பில் நடப்பது இதுதான் என்று கடிதத்தைப் பார்த்து நான் சொல்ல முடியாது. கார்டிசால்போல வேலை செய்யும் ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கி விழுங்கிவிடாதீர்கள்.

கிரகணத்தன்று வெளியே போனதால்தான் பிள்ளை இப்படி என்று வீட்டிலேயே சொல்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். படித்து எனக்குக் கோபம் வந்தது. கிரகணம் நிலவின் நிழலோ பூமியின் நிழலோ, அவ்வளவுதான். கருவில் இருக்கும் மூளையை அது தொடுவதில்லை. படித்தவர்களும் இந்தப் பாவத்தைச் செய்திருக்கிறார்கள். பாசமில்லாத தாயால்தான் ஆட்டிசம் வருகிறது என்று சென்ற நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். காரணம் உடலியல் சார்ந்தது என்று 1964-இல் வாதாடிய பெர்னார்ட் ரிம்லண்ட், உளவியலாளர் மட்டுமல்ல, ஆட்டிசமுள்ள மகனின் தந்தை.

உமிழ்நீர் எடுக்க ஊசிகூட வேண்டாம். ஈரோட்டிலும் திருப்பூரிலும் தாய்மாரைப் பத்து வருடம் பின்தொடர்ந்து அளக்கும் ஆய்வுக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும். பிள்ளையை மட்டுமே நோயாளியாகப் பார்க்கும் கணக்கு பாதிக் கணக்கு.

விஸ்கான்சின் ஆய்வில் இன்னொன்றும் உண்டு. தாயின் கார்டிசால், பிள்ளையின் அடித்தல், கடித்தல் போன்ற நடத்தைச் சிக்கல்களோடு சேர்ந்தே மாறியது. ஆகவே அவனுக்குக் கிடைக்கும் நடத்தைப் பயிற்சி உங்களுக்கும் வைத்தியமாகலாம். வாரத்தில் இரண்டு மாலை நாத்தனார் அவனைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போகிறார், அங்கே எருமைக் கன்றின் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறான் என்று கடிதத்தின் ஓரத்தில் குறித்திருந்தீர்கள். அதை நான்கு மாலையாக்க முடியுமா என்று அவரிடம் கேளுங்கள். அந்த நேரத்தில் துணி துவைக்காதீர்கள். படுத்துக்கொள்ளுங்கள்.