எட்டு கோர் இருக்கு, ஆனா எட்டும் ஒண்ணு இல்ல

இன்டெலோட ஐ9-13900கே டெஸ்க்டாப் சிப்பு முழு வேகத்துல ஓடும்போது 253 வாட் வரைக்கும் இழுக்கும். அதையே ஃபோன்ல போட்டா என்ன ஆகும்? 5000 எம்ஏஹெச் ஃபோன் பேட்டரில இருக்குறதே சுமார் 19 வாட் ஹவர்தான். வகுத்துப் பாருங்க, அஞ்சு நிமிஷம்கூட தாங்காது, அதுக்கு முன்னாடியே கை சுட்டுரும்.

சரி, வேகத்தைக் குறைச்சா? அங்கதான் விஷயமே இருக்கு. சிப்போட பவர், கிளாக் வேகம் (நொடிக்கு எத்தனை தடவை சிப்பு துடிக்குதுங்கறது) ஏறுற அளவுக்கு ஏறும், ஆனா வோல்டேஜுக்கு அதோட வர்க்கமா ஏறும், வேகமா ஓட்டணும்னா வோல்டேஜையும் ஏத்தியே ஆகணும்ங்கறதால ரெண்டு அடியும் சேர்ந்து விழும். ரெண்டையும் 20 சதவீதம் குறைச்சுப் பாருங்க, 0.8ஐ மூணு தடவை பெருக்குனா 0.51. வேகத்துல அஞ்சுல ஒரு பங்குதான் போச்சு, பவர் பாதியாயிடுச்சு! ஆனா வோல்டேஜை இஷ்டத்துக்கு இறக்க முடியாது, ஒரு அளவுக்குக் கீழ டிரான்சிஸ்டர், அதாவது சிப்புக்குள்ள இருக்குற குட்டி ஸ்விட்ச், ஒழுங்கா வேலை செய்யாது.

அதனாலதான் ஃபோன் சிப்புக்கு டிசைன் போடுற ஆர்ம் கம்பெனி 2011ல பெரிய கோர், சின்ன கோர் (கோர்னா சிப்புக்குள்ள கட்டளைகளைச் செய்யுற தனி மூளை) ரெண்டையும் ஒரே சிப்புல போடுற ஐடியாவைக் கொண்டுவந்தாங்க. பெரிய கார்டெக்ஸ்-ஏ15, அடுத்து என்ன வரும்னு யூகிச்சு வரிசை மாத்தியெல்லாம் வேலை செய்யும், அந்த யூகத்துக்கே கரண்ட் போகும். சின்ன ஏ7 வர்ற வரிசையிலயே செய்யும், அவ்ளோதான். ரெண்டுக்கும் புரியுற கட்டளைகள் ஒண்ணுதான், அதனால ஆப்புக்கு தான் எதுல ஓடுறோம்னே தெரியாது. பாட்டு ஓடுறதுக்கு சின்னது போதும், கேம் திறந்தா பெரியது. 2013ல வந்த சாம்சங்கோட முதல் எக்ஸினோஸ் 5 ஆக்டா சிப்புல எட்டு கோர்னு விளம்பரம், ஆனா ஒரே நேரத்துல நாலுதான் ஓடும். எந்த வேலையை எங்க அனுப்பறதுன்னு முடிவு பண்றது ஆபரேட்டிங் சிஸ்டம், கரண்ட் கணக்கு பாத்து அனுப்புற வசதி லினக்ஸ் கெர்னல்ல (ஆண்ட்ராய்டுக்கு அடியில ஓடுற மையப் பகுதி) 2019லதான், 5.0 வெர்ஷன்ல சேந்துச்சு.

பேட்டரில ஓடுற சென்சார் வகையறால கதையே வேற. அங்க வேகத்தை விட தூக்கம்தான் முக்கியம். இஎஸ்பி32ங்கற சின்ன வைஃபை சிப்பு வைஃபைல டேட்டா அனுப்பும்போது 200 மில்லி ஆம்பியருக்கு மேல போகும், டீப் ஸ்லீப்ல வெறும் 10 மைக்ரோ ஆம்பியர், அதனால பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை முழிச்சு அளந்து அனுப்பிட்டுத் திரும்பத் தூங்கணும். இதெல்லாம் சரியா பண்ணியும் பேட்டரி சீக்கிரம் காலியானா போர்டுல இருக்குற பவர் எல்இடியைப் பாருங்க, தூங்குற சிப்பை விட அது பல மடங்கு அதிகமா குடிச்சிட்டு இருக்கும்.