தேடியதில் ஒன்றும் வரவில்லை என்றால்

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நான் பராமரித்துவந்த செயலியின் தரவுத்தளக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டியிருந்தது. பழைய கடவுச்சொல் எந்தெந்தக் கோப்புகளில் இருக்கிறது என்று டெர்மினலில், கோப்புகளுக்குள் சொற்களைத் தேடும் ரிப்கிரெப் என்ற கருவி கொண்டு தேடினேன். கண் இமைப்பதற்குள் மூன்று இடங்களைக் காட்டியது. மூன்றையும் மாற்றிவிட்டு மறுபடி தேடினேன். ஒரு வரிகூட வரவில்லை. நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டேன். அன்று இரவு ஓட வேண்டிய காப்புப்பிரதி ஸ்கிரிப்ட், பழைய கடவுச்சொல்லோடு தரவுத்தளத்தின் கதவைத் தட்டி, திரும்பிவிட்டது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் அதே கதை. மூன்று இரவுகளின் காப்புப்பிரதி இல்லை என்பது திங்கட்கிழமைதான் தெரியவந்தது. நல்லவேளையாக அந்த மூன்று நாட்களில் தரவு எதுவும் அழியவில்லை.

அந்தக் கடவுச்சொல் இருந்தது, பெயர் புள்ளியில் தொடங்கும் ஒரு மறைகோப்பில். கிட் என்ற பதிப்புப் பராமரிப்புக் கருவி எந்தக் கோப்புகளைச் சேர்க்காமல் விட வேண்டும் என்று சொல்லும் கிட்இக்னோர் பட்டியலிலும் அதே கோப்பின் பெயர் இருந்தது. ரிப்கிரெப் அதைத் திறக்கவே இல்லை.

கருவியைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. 2016-இல் ஆண்ட்ரூ காலண்ட் ரஸ்ட் மொழியில் எழுதி வெளியிட்ட ரிப்கிரெப், கிட்இக்னோரில் உள்ளவை, மறைகோப்புகள், படம் போன்ற உரையல்லாத பைனரி கோப்புகள் ஆகியவற்றை இயல்பாகவே ஒதுக்கிவிடும். நாம் எழுதாத நூலகக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் குவிந்திருக்கும் இன்றைய திட்டங்களில் அது பெரிய வரம். அதன் வேகத்தில் கணிசமான பங்கு, திறக்காமல் விடும் கோப்புகளால் வருவது. ஆனால் கடவுச்சொல்லைத் தேடும்போது இதே நன்மை நமக்கு எதிராகத் திரும்புகிறது. ரகசியங்கள் பொதுக் களஞ்சியத்துக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தானே அவை உள்ள கோப்புகளைக் கிட்இக்னோரில் எழுதிவைக்கிறோம்? ஆக, ரகசியம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் தேடல் கண்ணை மூடிக்கொள்கிறது.

டெர்மினல் பக்கமே போகாதவர்களுக்கும் இது பொருந்தும். நிரல் எழுதப் பயன்படும் விஷுவல் ஸ்டுடியோ கோடின் தேடல் பெட்டிக்குப் பின்னால் இயங்குவது ரிப்கிரெப்தான். அங்கும் நாம் அமைப்பை மாற்றாதவரை கிட்இக்னோரில் உள்ளவை தேடலில் வராது.

இதற்கு மாற்று எளிது. ரிப்கிரெப்புக்கு ‘யு’ என்ற ஆப்ஷனை ஒருமுறை கொடுத்தால் கிட்இக்னோரைப் பொருட்படுத்தாது. இருமுறை கொடுத்தால் மறைகோப்புகளையும் திறக்கும். மும்முறை கொடுத்தால் பைனரியையும் விடாது. இதைவிட முக்கியமாக நான் நினைப்பது ‘ஃபைல்ஸ்’ என்ற ஆப்ஷன். எதையும் தேடாமல், எந்தெந்தக் கோப்புகளில் தேடுவேன் என்று பட்டியல் மட்டும் போடும். நான் எதிர்பார்க்கும் கோப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வெறும் முடிவை நம்புகிறேன்.

ரிப்கிரெப்புக்கு முன்னோடியான பழைய கிரெப்புக்கு இந்த ஒதுக்கும் பழக்கம் கிடையாது. கென் தாம்சன் எழுதி, 1973-இல் வந்த யூனிக்ஸ் நான்காம் பதிப்பில் இடம்பெற்ற கருவி அது. ஆனால் அதற்கும் மௌனங்கள் உண்டு. அடைவு (ஃபோல்டர்) முழுவதும் தேடச் சொல்லும் சிறிய ‘ஆர்’ ஆப்ஷன், வேறிடத்தைச் சுட்டிக்காட்டும் குறுக்கு இணைப்புகள் வழியில் எதிர்ப்பட்டால் அவற்றுக்குள் நுழையாது. பெரிய ‘ஆர்’ நுழையும். படிக்க அனுமதியில்லாத கோப்புகளைப் பற்றிப் பிழைச் செய்தி வரும். அந்தச் செய்திகள் எரிச்சலூட்டுகின்றன என்று அவற்றை மறைத்துவிடுவது பலருக்கு வழக்கம்; நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். மறைத்த பின், படிக்க முடியாமல் விட்டதற்கும் படித்துப் பார்த்து இல்லை என்று சொன்னதற்கும் திரையில் வேறுபாடு தெரியாது. கிரெப் முடிந்ததும் திருப்பித் தரும் எண்ணில் அந்த வேறுபாடு இருக்கிறது: 0 என்றால் கிடைத்தது, 1 என்றால் கிடைக்கவில்லை, 2 என்றால் பிழை. ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் 1-ஐயும் 2-ஐயும் ஒன்றாகப் பாவிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். வெளியீட்டுக்கு முன் ரகசியங்கள் கசிகின்றனவா என்று பார்க்கும் ஸ்கிரிப்டில் அப்படி எழுதினால், சோதனையே நடக்காமல் ‘பத்திரம்’ என்று பதில் வரும்.

கடவுச்சொல்லைத் தேடும் முறையிலும் கவனம் வேண்டும். அதில் புள்ளியோ டாலர் குறியோ இருந்தால் அது ரெகுலர் எக்ஸ்பிரஷனாக, அதாவது சில குறிகளுக்குத் தனிப்பொருள் உள்ள தேடல் வடிவமாகப் படிக்கப்பட்டு வேறு பொருள் கொள்ளும். பெரிய ‘எஃப்’ கொடுத்தால் எழுத்துக்கு எழுத்து அப்படியே தேடும். கட்டளையிலேயே கடவுச்சொல்லைத் தட்டினால் அது, கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லின் வரலாற்றுக் கோப்பில் தங்கிவிடும். கசிந்ததைத் தேடப் போய் இன்னொரு இடத்தில் கசியவிட வேண்டாம். தேட வேண்டியதைத் தற்காலிகக் கோப்பு ஒன்றில் எழுதி, சிறிய ‘எஃப்’ வழியாகக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். அந்தக் கோப்பில் வெற்று வரி இருக்கக் கூடாது. இருந்தால் எல்லா வரிகளும் பொருந்திவிடும்.

சுருக்கப்பட்ட பழைய லாக் கோப்புகளைச் சாதாரண கிரெப் பிரித்துப் பார்க்காது; அதற்கு இசட்கிரெப் இருக்கிறது. விண்டோஸிலிருந்து யுடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியாக்க வடிவில் வரும் கோப்பில், கண்ணுக்கு நேரே இருக்கும் சொல்லையும் கிரெப் காணாது.

இனி நம் மொழிக்கே உரிய சிக்கல். ஒரு பெயர்ப் பட்டியலில் கௌரி என்ற பெயரைத் தேட வேண்டியிருந்தது. பாதிப் பேர்தான் கிடைத்தார்கள். விடுபட்ட ஒரு வரியை எடுத்து பைட்டுகளை எண்ணிப் பார்த்தேன். பரவலாகப் பயன்படும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். முறையாக எழுதிய ‘கௌரி’ 12 பைட் வர வேண்டும். பட்டியலில் இருந்ததோ 15. ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ளகரமும் தட்டி, ‘கெளரி’ என்று வைத்திருந்தார்கள். திரையில் இரண்டுக்கும் வேறுபாடு சொல்வது கடினம். கணினிக்கோ அது வேறு சொல்.

‘கொ’, ‘கோ’ போன்றவற்றிலும் இது நேரும். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். யூனிகோட் இவ்விரண்டையும் சமமென்று சொல்கிறது; கிரெப்பும் ரிப்கிரெப்பும் சொல்வதில்லை. இப்படிச் சமமான வடிவங்களை ஒன்றாக்கும் என்எஃப்சி என்னும் இயல்பாக்கம் இதைச் சரிசெய்துவிடும். ஐசியு என்ற யூனிகோட் நிரல் தொகுப்பில் வரும் யுகான்வ் கருவியால் கோப்பு முழுவதையும் அந்த வடிவுக்கு மாற்றிவிட்டுத் தேடலாம். ஆனால் ‘கெளரி’யை எந்த இயல்பாக்கமும் தொடாது. அங்கே ளகரம் என்பது உண்மையான ளகரமேதான். ‘ஸ்ரீ’ என்பதும் அப்படியே: ஸகரத்தில் தொடங்குவதும் ஶகரத்தில் தொடங்குவதும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோலவே தெரியும்; தேடும்போது இரண்டையும் தேட வேண்டும். ரெகுலர் எக்ஸ்பிரஷனில் ஒரு புள்ளி ஒரு குறியீட்டுக்குத்தான் பொருந்தும் என்பதால் ‘கி’ என்ற ஓரெழுத்துக்கு இரண்டு புள்ளிகள் வைக்க வேண்டும்.

அந்தப் பட்டியலில் இரண்டு வடிவங்களையும் ஒரே கட்டளையில் கொடுத்துத் தேடினேன். விடுபட்டவர்கள் எல்லோரும் வந்தார்கள். பிறகு கொம்பை அடுத்து ளகரம் வரும் எல்லா இடங்களையும் தனியே எடுத்தேன். ‘கெளுத்தி’ போல உண்மையாகவே ளகரம் வேண்டியவையும் அதில் கலந்திருந்தன. மொத்தமாக மாற்றாமல் ஒவ்வொரு வரியாகப் படித்துத் திருத்தினேன். ஒரு பிற்பகல் முழுவதும் ஆனது.