சுழலறைத் துப்பாக்கி: ஒரு சொல் விளக்கம்

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றித் தமிழில் வரும் காணொளிகளிலும் மொழிபெயர்ப்புக் கட்டுரைகளிலும் ‘பிளாக் பவுடர் ரிவால்விங் ரைஃபிள்’ என்பதற்குக் ‘கருப்புப் பொடி சுழலும் துப்பாக்கி’ என்றொரு தொடர் நடமாடுகிறது. ஒரு முறை கேட்டால் அவசரத்தில் எழுதியிருப்பார்கள் என்று விட்டுவிடலாம். திரும்பத் திரும்பக் கேட்டு, இப்போது படத்துக்கு அடியில் அச்செழுத்திலும் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அந்தப் பொடி பொடியல்ல. சுழல்வது துப்பாக்கியல்ல. துப்பாக்கி என்ற பொதுச்சொல்லும் அந்த இடத்துக்குப் போதாது. ஒரே தொடரில் இத்தனை கோளாறுகளை அடக்குவதற்கும் ஒரு திறமை வேண்டும்.

முதலில் பொருள் என்னவென்று பார்த்துவிடுவோம். ரிவால்வர் எல்லோருக்கும் தெரியும். கைப்பிடிக்கு முன்னால் ஓர் உருளை, அதில் வட்டமாக ஐந்தாறு அறைகள். குதிரையை, அதாவது அடிக்கும் சுத்தியலை, இழுக்க இழுக்க ஒவ்வோர் அறையாகக் குழலுக்கு நேரே வந்து நிற்கும். இதே ஏற்பாட்டை நீண்ட குழலும் தோளில் அணைக்கும் மரக்கட்டையும் உள்ள ரைஃபிளில் வைத்தால் அதுதான் நாம் பேசும் ஆயுதம். சாமுவேல் கோல்ட் 1836-இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கி நியூ ஜெர்சி மாநிலத்துப் பேட்டர்சனில் தொழிற்சாலை தொடங்கியபோது, கைத்துப்பாக்கியோடு இந்த நீளத் துப்பாக்கியையும் செய்தார். விசைக்கு முன்னால் ஒரு வளையம் இருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் உருளை ஓர் அறை நகரும், குதிரையும் ஏறிக்கொள்ளும். ஃபுளோரிடாவில் செமினோல் பழங்குடியினரோடு நடந்த போருக்காக 1838-இல் அமெரிக்க ராணுவம் இதில் 50 வாங்கியது. கம்பெனி என்னவோ 1842-இல் நொடித்துப்போனது.

அப்புறம் வந்தது 1855-ஆம் ஆண்டு மாதிரி. உள்நாட்டுப் போரில் பேர் வாங்கியது இதுதான். குதிரையைப் பக்கவாட்டில் பொருத்தியிருப்பார்கள். பெரிய விட்டம் உள்ளதில், அதாவது 0.56 அங்குலக் குண்டு போடுவதில், அறைகள் ஐந்து. சிறியவற்றில் ஆறு. அக்காலத்துக் காலாட்படை வீரன் குழலின் வாய்வழியாக வெடிமருந்தையும் குண்டையும் போட்டுக் கெட்டித்து, நிமிடத்துக்கு மூன்று முறை சுட்டால் கெட்டிக்காரன். இதை வைத்திருந்தவன் மூச்சு விடுவதற்குள் ஐந்து முறை சுட்டுவிடுவான். 1863 செப்டம்பர் 20 அன்று சிக்கமாகா போரில் ஒரு மேட்டைக் காத்து நின்ற ஓஹையோ 21-ஆம் காலாட்படையின் கையில் இருந்தது இதுவே. அன்று அவர்கள் செலவழித்த தோட்டாக்கள் 43,550 என்பது பதிவு. கடைசியில் தோட்டா தீர்ந்துதான் அவர்கள் கை ஓய்ந்தது.

சொல்லின் பிறப்பு சுருக்கமாக. ரிவால்வ் என்பதன் வேர் லத்தீன். வால்வெரே என்றால் உருட்டுவது, முன்னால் ரி சேர்ந்தால் மீண்டும் உருண்டு வருவது. ரைஃபிள் என்பது கீறு, வரிபோடு என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. குழலின் உள்சுவரில் திருகலாக வரி வெட்டுவதற்குத்தான் முதலில் அந்தப் பெயர், பிறகு ஆயுதத்துக்கே ஆகிவந்தது. நம்முடைய துப்பாக்கி, துருக்கியத் துஃபெக்கின் வழியில் வந்த சொல். தெலுங்கிலும் கன்னடத்திலும் துபாகி, ஈழத்தில் துவக்கு, எல்லாம் ஒரே குடும்பம். துஃபெக் என்றால் ஆதியில் ஊதுகுழல். ‘துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி’ என்று வள்ளுவரே பாடியிருக்கிறாரே, அப்படியானால் இது தமிழ்ச்சொல்தானே என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அங்கே அது துப்பு ஆக்கி, உணவை உண்டாக்கி. மழையைப் பற்றிய குறள் ஐயா அது.

இனி சண்டைக்கு வருவோம். சுழல் துப்பாக்கி என்பது வினைத்தொகை. விரித்தால் சுழன்ற துப்பாக்கி, சுழல்கின்ற துப்பாக்கி, சுழலும் துப்பாக்கி. எந்தக் காலத்தில் விரித்தாலும் சுழல்வது துப்பாக்கிதான். சுழல் நாற்காலி என்றால் நாற்காலி சுழலும், சுழல் விளக்கு என்றால் விளக்கு சுழலும், சுழல் மேடை என்றால் மேடையோடு நடிகரும் சுழலுவார். நம் துப்பாக்கி சுழலுகிறதா? மேற்கத்தியப் படங்களில் கௌபாய் விரலில் மாட்டிச் சுழற்றுகிறானே, அதைத்தான் அந்தச் சொல் சொல்கிறது.

ரிவால்வருக்குச் சுழல் துப்பாக்கி என்று அகராதிகளிலும் செய்திகளிலும் வந்துவிட்டதே என்பார்கள். வந்துவிட்டது, இருக்கட்டும். ஊர் ஏற்றுக்கொண்ட சொல்லைப் பிடுங்க எனக்கு ஆசையில்லை. ஆனால் அதனாலேயே இன்னொரு சிக்கல் முளைக்கிறது. சுழல் துப்பாக்கி என்ற பெயரை ரிவால்வர் எடுத்துக்கொண்ட பிறகு, தோளில் வைத்துச் சுடும் நீளமான ஆயுதத்துக்கும் அதையே கொடுத்தால் படிப்பவருக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்? ‘வீரர்கள் சுழல் துப்பாக்கியைத் தோளில் அணைத்துச் சுட்டனர்’ என்று ஒரு கட்டுரையில் இருந்தது. ரிவால்வரைத் தோளில் எப்படி அணைத்தார்கள் என்று வாசகர் தலையைச் சொறிவதுதான் மிச்சம்.

இன்னும் சிலர் இதைச் சேர்த்து ‘சுழற்துப்பாக்கி’ என்று எழுதுகிறார்கள். றகர ஒற்றுக்குப் பின்னால் தகரம் வருவது தமிழில் இல்லை. வேற்றுமைப் புணர்ச்சி என்று வைத்தால் சுழற்றுப்பாக்கி என்றாக வேண்டும். வினைத்தொகை என்றால் சுழல் துப்பாக்கி என்று இயல்பாக நிற்க வேண்டும். இது இரண்டுங்கெட்டான்.

தனித்தமிழ் அன்பர்களின் ஆக்கம் ஒன்று உண்டு: சுழற்புரிதுமுக்கி. துருக்கிச் சொல் வேண்டாம் என்று துமுக்கி, ரைஃபிள் வேண்டாம் என்று புரிதுமுக்கி, ரிவால்விங் என்பதற்காக முன்னால் சுழல். முயற்சியைக் கேலி செய்யவில்லை. புரி நல்ல சொல். முப்புரி நூலில் இருக்கிறது, வலம்புரிச் சங்கில் இருக்கிறது, குழலுக்குள் திருகி ஓடும் வரிக்கு அதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்காது. பட்டறைக்காரர்களைக் கேட்டால் மரை என்பார்கள், அதுவும் சரிதான். கோளாறு எங்கே என்றால், சுழலையும் புரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததில். இரண்டும் முறுக்கு, வளைவு என்ற பொருளைத் தொட்டு நிற்பவை. சுழற்புரி என்றதும் சுழன்று சுழன்று ஓடும் புரி என்றுதான் மனம் போகும். அதாவது சொல் முழுக்கக் குழலின் வரியைப் பற்றியே பேசிவிட்டு, அறையை மறந்துவிடுகிறது. இந்த ஆயுதத்தை மற்ற ரைஃபிள்களிலிருந்து பிரிக்கும் ஒரே அம்சம் எதுவோ அதுவே சொல்லில் இல்லை. துமுக்கி என்றால் என்ன என்று கேட்பவருக்குத் துப்பாக்கி என்று பதில் சொல்ல வேண்டியிருப்பது தனிக்கதை. நானூறு ஐந்நூறு ஆண்டாக நம்மோடு புழங்கும் ஒரு சொல்லை வந்தேறி என்று விரட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

உருளைத் துப்பாக்கி என்றும் ஒருவர் முன்மொழிந்திருந்தார். குழலும் உருளை வடிவம்தானே, எந்த உருளை?

என் பரிந்துரை சுழலறைத் துப்பாக்கி. சுழலும் அறை, சுழலறை. அதை உடைய துப்பாக்கி, சுழலறைத் துப்பாக்கி. சுழல்வது அறை என்று இலக்கணமே சொல்லிவிடுகிறது. ரைஃபிள் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டிய இடத்தில் சுழலறை ரைஃபிள். கன்னத்தில் விழும் அறை நினைவுக்கு வருகிறது என்று நண்பர் ஒருவர் சிரித்தார். இதயத்துக்கு நான்கு அறைகள் என்று பள்ளிப் பாடத்தில் படிக்கிறோமே, அப்போது யாருக்கும் கன்னம் வலிப்பதில்லை.

அறை என்பதில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கக் காரணம் உண்டு. இந்த ஆயுதத்தின் ஆபத்து முழுவதும் அந்த அறைகளில்தான் இருக்கிறது. இன்றைய ரிவால்வரில் உலோகத் தோட்டா மருந்தை மூடிக்கொண்டிருக்கும். அன்றைய அறையில் அந்த மூடி கிடையாது. மருந்துக்கு முன்னால் அடைப்பாக இருப்பது ஈயக்குண்டு மட்டுமே, பின்னால், குதிரை அடித்ததும் பொறி தரும் ஒரு செப்புக் கேப்பு. குழலுக்கு நேரே இருக்கும் அறை வெடிக்கும்போது உருளைக்கும் குழலுக்கும் நடுவில் உள்ள மெல்லிய இடைவெளியில் நெருப்பு பீறிடும். பக்கத்து அறையில் குண்டு இறுக்கமாக உட்காராமல் இருந்தாலோ, பின்னால் கேப்பு தளர்ந்திருந்தாலோ, தீ அதற்குள்ளும் புகுந்துவிடும். அதுவும் வெடிக்கும், சில சமயம் அதற்கடுத்ததும்.

கைத்துப்பாக்கியில் இது நடந்தாலும் கை உருளைக்குப் பின்னால் இருக்கிறது. ரைஃபிளில் இடது கை எங்கே இருக்கும்? குழலைத் தாங்கிக்கொண்டு உருளைக்கு முன்னால், பக்கத்து அறைக் குண்டு பாயும் வழியில். விரல் போகும், மணிக்கட்டும் போகும். தீ தாவாத நாளிலும் அந்த இடைவெளியிலிருந்து சூடான புகையும் ஈயச் சிராய்களும் முன்னங்கையில் தெறிக்கும். அதனால்தான் இடது கையை முன்னே நீட்டாமல் விசைக்காப்பின் அடியில் வைத்துப் பிடிக்கச் சொன்னார்கள். குண்டின் மேல் கொழுப்பைப் பூசி அடைக்கச் சொன்னார்கள். போர் முடிந்ததும் அரசு மிச்சமிருந்தவற்றை ஒன்று 42 சென்ட் என்று தள்ளிவிட்டதாகச் சொல்வார்கள். வேகத்துக்காக வாங்கியதைக் கடைசியில் வைத்திருக்க ஆளில்லை.

தீ இப்படி அறை விட்டு அறை பாய்வதை ஆங்கிலத்தில் செயின் ஃபயர் என்பார்கள். காணொளிக்காரர்கள் இதைச் ‘சங்கிலித் தீ’ ஆக்கிவிட்டார்கள். சங்கிலி எங்கே வந்தது? கூரை விட்டுக் கூரைக்குத் தீ தாவியது என்று ஊரில் சொல்கிறோம். அறை விட்டு அறை தீத்தாவல் என்று எழுதினால் படித்தவுடன் கை தானாகப் பின்னால் போகும்.

கருப்புப் பொடிக்கு வருகிறேன். பொடி என்றால் நமக்குப் பருப்புப்பொடி, மூக்குப்பொடி, பல்பொடி. கருப்புப் பொடியை மிளகுப்பொடி என்று ஒரு வாசகர் எடுத்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. சிவகாசியில் போய்க் கேளுங்கள், மருந்து என்பார்கள். கருந்திரி என்ற சொல் அங்கே அன்றாடம் புழங்குகிறது. ஈழத்து வன்னியில் வாய்வழியாக மருந்து இடித்துச் சுடும் துவக்குக்கு இடியன் என்றே பெயர். என்ன அழகான பெயர், செய்யும் வேலையே சொல்லாகிவிட்டது. ஆக, கருமருந்து என்று எழுதுவதில் என்ன தடை? வெடியுப்பு நூற்றுக்கு 75, கரி 15, கந்தகம் 10, இதுதான் அதன் கணக்கு. 1884-இல் பிரான்சில் பால் வியே புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகுதான் பழைய மருந்தைத் தனியாகப் பெயர் சொல்லிப் பிரிக்க வேண்டிய தேவை வலுத்தது.

இது வெறும் நடைப் பிரச்சினையும் அல்ல. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் 1898 வரை செய்தவை தொல்பொருள் துப்பாக்கிகள். சாதாரணத் துப்பாக்கிக்கு உள்ள கட்டுப்பாடுகள் பல அவற்றுக்கு இல்லை. அதனால் வாங்கிச் சேர்ப்பவர்கள் அங்கே நிறைய. இத்தாலியில் செய்த நகல்களும் கிடைக்கின்றன. வெள்ளைப் புகை, கந்தக நெடி, ஒவ்வோர் அறையாக அளந்து நிரப்பும் நிதானம், சுட்டு முடித்ததும் ஈரத்தை இழுத்துத் துருவேற்றும் கசடை வெந்நீரில் கழுவும் வேலை, இதெல்லாம் அவர்களுக்கு இன்பம். அந்தப் பழைய இரும்பில் கருமருந்துக்குப் பதில் புகையில்லா மருந்தைப் போட்டால் உருளை சிதறி முகத்தில் அடிக்கும். இந்த எச்சரிக்கையை ‘கருப்புப் பொடி தவிர வேறு பொடி பயன்படுத்தாதீர்’ என்று மொழிபெயர்த்தால் எவனுக்கு உறைக்கும்?

மொழிபெயர்ப்பவர்கள் படத்தையாவது ஒரு முறை பார்த்துவிட்டு எழுதலாம். எந்திரம் துப்பியதை அப்படியே ஒட்டுவதால் வரும் வினை இது. மஸ்கெட் என்ற வரியில்லாக் குழல் துப்பாக்கியை ‘மஸ்கட் துப்பாக்கி’ என்று எழுதி ஓமானுக்கு அனுப்பியவர்களும் உண்டு.

ஒன்று பாக்கி. குழல்களே சுழலும் ஆயுதங்களும் இருக்கின்றன. ரிச்சர்ட் கேட்லிங் 1862-இல் காப்புரிமை வாங்கிய, கைப்பிடியைச் சுற்றிச் சுடும் பீரங்கி வண்டி போன்ற எந்திரம் அப்படிப்பட்டது. பல குழல்களை ஒரு கட்டாகச் சேர்த்த பெப்பர்பாக்ஸ் கைத்துப்பாக்கியிலும் சுழல்வது குழல்தான். இவற்றைச் சுழல்குழல் துப்பாக்கி என்று பிரித்துவிட்டால் சுழலறையோடு குழம்பாது. பெப்பர்பாக்ஸை மட்டும் தயவுசெய்து மிளகுப்பெட்டி ஆக்கிவிடாதீர்கள்.