உடம்பு ஓய்ந்து கிடக்க, தூக்கம் மட்டும் ஏன் வருவதில்லை?

புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள் பலரும் சொல்வது இதுதான்: உடம்பு அடித்துப் போட்டாற்போல் கிடக்கிறது, கண் மட்டும் மூட மறுக்கிறது. களைப்பு வேறு, தூக்கம் வேறு. களைத்த உடம்பெல்லாம் தானாகத் தூங்கிவிடாது.

தூக்கத்தை இரண்டு விசைகள் இயக்குகின்றன என்று 1982இல் விளக்கினார் சூரிச் ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி. ஒன்று, விழித்திருக்க விழித்திருக்கக் கூடிவரும் தூக்க அழுத்தம். மூளையில் சேரும் அடினோசின் என்ற வேதிப்பொருளுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. மற்றொன்று, மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸில் இருந்து இரவு பகலை உடம்புக்கு உணர்த்தும் உயிர்க்கடிகாரம். புற்றுநோய்ச் சிகிச்சை இரண்டையுமே குலைத்துவிடுகிறது.

டெக்சாமெதசோனை எடுத்துக்கொள்வோம். கீமோதெரபியின்போது வாந்தியையும் ஒவ்வாமையையும் தடுக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு இது. நம் உடம்பில் சுரக்கும் கார்டிசால் ஹார்மோன் விடியலில் ஏறி, நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு இறங்கும். கார்டிசால் உயிரணுக்களில் ஒட்டிக்கொள்ளும் அதே ஏற்பிகளில் டெக்சாமெதசோனும் ஒட்டிக்கொண்டு, கார்டிசாலைவிடப் பல மடங்கு வீரியத்தோடு வேலை செய்கிறது. ஒரு வேளை மருந்தின் விளைவு 36 மணி நேரம் தாண்டியும் நிற்கும். இரவு 11 மணிக்கும் உடம்புக்குக் காலைப்பொழுதுதான்! கீமோ ஏற்றிய இரவில் கொட்டக் கொட்ட விழித்திருப்பவரிடம் "கவலைப்படாமல் படுங்கள்" என்று சொல்வது நியாயமே இல்லை. மாத்திரையைக் காலையிலோ நண்பகலுக்குள்ளோ போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தாமாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது.

ஹார்மோன் சிகிச்சை வேறு விதமாக எழுப்பிவிடும். டாமாக்சிஃபென் மாத்திரையோ, புரோஸ்டேட் புற்றுநோய்க்குப் போடும் ஹார்மோன் ஊசியோ, மூளை பொறுத்துக்கொள்ளும் வெப்ப எல்லையைக் குறுக்கிவிடுகிறது. போர்வைக்குள் சற்றே சூடு ஏறினாலும் ரத்தநாளங்கள் விரிந்து, வியர்த்துக் கொட்டி விழிப்பு வந்துவிடும். வலி, இருமல், பயம் எல்லாம் இதற்கு மேல்.

சிகிச்சை முடிந்து மாதக்கணக்காகியும் தூக்கம் திரும்பாததுதான் பலரைக் குழப்புகிறது. அசதியில் பகலெல்லாம் படுத்தே இருந்ததால் இரவுக்கு வேண்டிய அழுத்தம் சேரவில்லை. வெளிச்சம் படாததால் கடிகாரமும் தடுமாறியது. படுக்கையில் புரண்டே பல இரவுகள் போனதில், தலையணையைக் கண்டாலே விழித்துக்கொள்ள மூளை பழகிவிட்டது. மூலக்காரணம் போன பிறகும் இந்தப் பழக்கம் போவதில்லை.

பழகியதை மாற்றவும் முடியும். தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இதைத்தான் செய்கிறது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் இதையே தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. புற்றுநோயிலிருந்து மீண்டவர்களிடமும் இது பலன் தந்திருக்கிறது. தினமும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். 20 நிமிடம்போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் உட்கார வேண்டும். உண்மையில் தூங்கும் நேரத்தை ஒட்டியே படுக்கை நேரத்தைச் சுருக்க வேண்டும். முதல் ஓரிரு வாரம் அசதி கூடும், அதன்பின் தூக்கம் ஆழப்படும். வலிப்பு வரும் வாய்ப்புள்ளவர்களும், எலும்புக்குப் புற்று பரவியதால் விழுந்தால் முறிவு ஏற்படக்கூடியவர்களும் படுக்கை நேரத்தைத் தாமாகச் சுருக்கக் கூடாது.