கோடு நாலும் நிற்கிறது, பக்கம் மட்டும் திறக்கவில்லை

போனில் சிக்னல் கோடு நாலும் நிற்கும், இணையப் பக்கம் மட்டும் திறக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் கோடுகளுக்குத் தெரிந்ததெல்லாம் போனுக்கும் டவருக்கும் நடுவே உள்ள சங்கதிதான். வளரும் நாடுகளில் இணையம் சரியில்லை என்றால் உடனே டவர் எத்தனை என்று எண்ணுகிறோம். என்னைக் கேட்டால், பாதிச் சிக்கல் டவருக்கு அப்பால் இருக்கிறது.

ஒரு பக்கம் வருவதற்கு முன்னால் தகவல் வழக்கமாக மூன்று தடவை போய்வர வேண்டும்: சர்வரின், அதாவது அந்தப் பக்கத்தை வைத்திருக்கும் கணினியின், முகவரியை விசாரிக்க ஒன்று, இணைப்பைப் பிடிக்க ஒன்று, போகும் தகவலை வேறு யாரும் படிக்காமல் பூட்டுவதற்கான ரகசியச் சாவி மாற்றிக்கொள்ள ஒன்று. அப்புறம்தான் பக்கத்தையே கேட்க முடியும், அது நாலாவது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுவதால், 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சர்வருக்குப் போய்வர 1 மில்லிசெகண்ட் போதும். அதே தகவல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாகப் போனால், ஏறி இறங்கி, பதிலும் ஏறி இறங்கி வர ஏறக்குறைய அரை நொடி. நாலு தடவைக்கு 2 நொடி, அதுவரை ஒரு எழுத்துகூட வராது. எவ்வளவு பெரிய டேட்டா பிளான் போட்டாலும் இது குறையாது.

சரி, கடலடிக் கேபிள் வந்துவிட்டால்? வேகம் கிடைக்கும், ஆனால் ஒன்றே ஒன்று இருந்தால் அதுவே உயிர்நாடி. 2022 ஜனவரி 15 அன்று பசிபிக் தீவு நாடான டோங்காவில் எரிமலை வெடித்து, வெளியுலகுக்கு இருந்த ஒரே கேபிள் அறுந்தது. அந்தக் கேபிளைச் சரிசெய்யக் கப்பல் வந்து, தேடி, ஒட்டிமுடிக்க ஐந்து வாரம் ஆனது.

தூரம் எப்போதும் இயற்கை வைத்ததும் இல்லை. ஒருகாலத்தில் கென்யாவின் தலைநகர் நைரோபியிலிருந்து நைரோபிக்கே அனுப்பிய மின்னஞ்சல், இரண்டு பேரின் இணைய நிறுவனங்களும் வேறு வேறாக இருந்தால், செயற்கைக்கோள் ஏறி வெளிநாடு சுற்றித்தான் எதிர்க் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தது. 2000 நவம்பரில் அந்த நிறுவனங்கள் சேர்ந்து தங்களுக்குள் நேரடியாகத் தகவல் மாற்றிக்கொள்ள உள்ளூரிலேயே ஒரு இணைப்பகம் தொடங்கின. வெளிநாட்டுப் போக்குவரத்தில் ஏகபோகம் வைத்திருந்த தொலைபேசி நிறுவனம் புகார் கொடுக்க, சில வாரங்களுக்குள் அது இழுத்து மூடப்பட்டது. 2002இல் மறுபடி திறந்த பிறகுதான் எதிர்க் கட்டடத்துக்கான மின்னஞ்சல் ஊருக்குள்ளேயே போய்ச் சேர ஆரம்பித்தது.