குறி போடும் தாள் மிஷின் பக்கத்தில் இருக்கட்டும்

மாதக் கடைசியில் முதலாளியின் மேசைக்கு ஓர் எண் வரும். இந்த மாதம் ரிஜெக்ஷன் 6 சதவீதம், போன மாதம் 5. அதை வைத்துக்கொண்டு யாரையாவது கூப்பிட்டுத் திட்டலாம், அதற்கு மேல் அந்த எண்ணுக்குள் ஒன்றும் இல்லை. எந்தக் குறை, பீசில் எந்த இடம், எந்த ஷிப்ட், எந்த மிஷின் என்பதெல்லாம் கூட்டிச் சதவீதம் போடும்போதே கரைந்து போயிருக்கும்.

கோவை வட்டாரத்துச் சின்ன பவுண்டரிகளுக்கும் லேத் பட்டறைகளுக்கும் தரம் தொடர்பான வேலையாகப் போய்வருகிறவன் நான். “சாஃப்ட்வேர் ஏதாவது வாங்கணுங்களா?” என்பதுதான் பல இடங்களில் முதல் கேள்வி. வேண்டாம். ஒரு தாளும் பேனாவும் போதும். ஆனால் அவை ஆபீஸ் அறையில் இருக்கக் கூடாது, வேலை நடக்கிற இடத்தில் இருக்க வேண்டும்.

பம்ப் கேசிங் வார்க்கிற ஒரு பவுண்டரியில் ப்ளோ ஹோல் பெரிய தொல்லையாக இருந்தது. வாயு சிக்கி வார்ப்பில் ஓட்டை விழுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். ரிஜிஸ்டரில் தினமும் ‘ப்ளோ ஹோல்’ என்று எழுதிப் பக்கத்தில் எண்ணிக்கை போட்டிருந்தார்கள். மணலில் ஈரம் அதிகம் என்றார்கள் உலோகத்தை உருக்குகிற மெல்டிங் ஆட்கள். உலோகத்தில் சூடு பத்தவில்லை என்றார்கள் மணலில் அச்சு செய்கிற மோல்டிங் ஆட்கள். இரண்டுமே நடக்கக் கூடியவைதான், அதனால் சண்டை ஓயவில்லை.

கேசிங்கின் படத்தைப் பெரிதாக வரைந்து, ஜெராக்ஸ் எடுத்து, வார்ப்பைச் சுத்தம் செய்து தேய்க்கிற ஃபெட்லிங் இடத்தில் ஓர் அட்டையில் மாட்டினோம். ஓட்டை எங்கே தெரிகிறதோ, படத்தில் அதே இடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும், அவ்வளவுதான். கிரைண்டிங் பிடிக்கிற அண்ணன்தான் வைத்தார், கையுறையைக் கழற்றக்கூட இல்லை. மணல் ஈரம்தான் காரணம் என்றால் புள்ளிகள் படம் முழுக்கப் பரவியிருக்க வேண்டும். பரவவில்லை. கோர், அதாவது வார்ப்புக்குள் வெற்றிடம் வருவதற்காக வைக்கும் மணல் உரு, உட்காருகிற ஒரு முனையை ஒட்டி, வெல்லத்தில் ஈ மொய்த்த மாதிரி அப்பிக் கிடந்தன. அந்த முனையில்தான் கோரிலிருந்து வாயு வெளியேறும் வென்ட் துளை இருக்கிறது. கோருக்கு பெயின்ட் அடிக்கும்போது அது அடைபட்டுப் போயிருந்தது. கோர் ஷாப்பில் வேலை செய்யும் அக்கா, “அந்த ஓட்டைய அடைக்காம அடிக்கோணும்னு யாரும் சொல்லலீங்களே” என்றார். யாரும் சொல்லியிருக்கவில்லைதான்.

இது செக் ஷீட்டில், அதாவது குறி போடும் தாளில், ஒரு வகை. ஜப்பானின் கவொரு இஷிகாவா தொழிலாளிகள் தாங்களே பயன்படுத்துவதற்கென்று தொகுத்துக் கொடுத்த ஏழு கருவிகளில் இதுவும் ஒன்று. பரேட்டோ, மீன்முள் படம், ஹிஸ்டோகிராம், ஸ்கேட்டர் (இரண்டு அளவுகளுக்குள் தொடர்பு உண்டா என்று பார்க்கும் புள்ளிப் படம்), கன்ட்ரோல் சார்ட் ஆகியவை மற்றவை. ஏழாவது எது என்பதில் மட்டும் புத்தகத்துக்குப் புத்தகம் வித்தியாசம்: சிலர் தரவைப் பிரித்துப் பார்ப்பது என்பார்கள், சிலர் ஃப்ளோ சார்ட் என்பார்கள். அதை ஆடிட்டர்களின் கவலைக்கு விட்டுவிடுவோம்.

பரேட்டோ எல்லாருக்கும் தெரியும். குறைகளைப் பெரியதிலிருந்து சின்னது வரை கம்பங்களாக வரிசைப்படுத்துவது. பரேட்டோ செல்வம் எப்படிப் பங்காகிக் கிடக்கிறது என்று ஆராய்ந்த பொருளாதார அறிஞர். அவர் பெயரைத் தரக் குறைகளுக்குக் கொண்டுவந்தவர் தர நிபுணர் ஜோசப் ஜூரன். அப்படிப் பெயர் வைத்தது சரியில்லை என்று ஜூரனே 1975-ல் எழுதினார், ஆனால் அதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். கம்பத்தின் உயரம் எண்ணிக்கையாக இருந்தால் ஏமாந்துவிடுவீர்கள். மேற்பரப்புச் சொரசொரப்பு நூறு பீசில் இருக்கலாம், இரண்டு நிமிடம் கிரைண்டிங் பிடித்தால் சரியாகிவிடும். மெஷினிங் எல்லாம் முடிந்த பிறகு உள்ளே தெரிகிற ஷ்ரிங்கேஜ் (உலோகம் ஆறிச் சுருங்கியதால் விழுந்த குழி) ஐந்தே பீசில் இருந்தாலும் மொத்தமும் ஸ்கிராப். அதனால் ரூபாயில் இன்னொரு பரேட்டோ போடுங்கள். கம்பங்களின் வரிசை பெரும்பாலும் மாறிவிடும்.

ஒரு குறைக்கு இருக்கக்கூடிய காரணங்களை மீன் முள் மாதிரிக் கிளை பிரித்து எழுதுகிற மீன்முள் படத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. கருவி நல்லதுதான், பயன்படுத்துகிற விதம்தான் சரியில்லை. நாலு பேர் உட்கார்ந்து டீ குடித்தபடி ஆள், மிஷின், பொருள், முறை என்று முட்களை நிரப்பிவிட்டு, கடைசியில் ‘ஆபரேட்டருக்குப் பயிற்சி போதவில்லை’ என்பதில் வட்டம் போட்டு ஃபைலில் வைத்துவிடுகிறார்கள். மீன்முள்ளில் இருப்பது சந்தேகப் பட்டியல். ஒவ்வொரு சந்தேகத்தையும் தரவை வைத்துச் சோதித்தால்தான் அது காரணம் ஆகும்.

எந்த அளவு எத்தனை முறை வருகிறது என்று கம்பங்களாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை வரைந்தால் பட்டறையின் குணமே அதில் தெரியும். 25 மி.மீ. ஷாஃப்ட், டிராயிங்கில் அனுமதி 24.979 முதல் 25.000 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு ஷாஃப்டை அளந்து 3 மைக்ரானுக்கு (0.003 மி.மீ.) ஒரு கட்டம் வீதம் குறி போட்டால், நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரிகிற மேடு வர வேண்டும். பல இடங்களில் அது 25.000 பக்கமாக ஒதுங்கி நிற்கும். காரணம் எளிது: அளவு கூடினால் மறுபடி கிரைண்டிங் செய்யலாம், குறைந்தால் ஸ்கிராப். ஆபரேட்டர் தன் பிழைப்புக்காக மேல் பக்கமே குறி வைக்கிறார்.

மேடு 25.000-ல் செங்குத்தாக வெட்டி நின்றால், அளவு கூடிய பீசுகளை முன்கூட்டியே யாரோ பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். வெட்டி நிற்பது மட்டுமல்லாமல் கடைசிக் கட்டத்தில் திடீரென்று உயரமான கம்பமும் இருந்தால் விஷயம் வேறு. 25.001, 25.002 என்று காட்டியதையெல்லாம் இன்ஸ்பெக்டர் 25.000 என்று எழுதியிருக்கிறார். தப்பான ஆள் என்று நினைக்காதீர்கள், டெலிவரிக்கு வண்டி வாசலில் நிற்கும்போது எழுதியதாக இருக்கும். இரண்டு மேடு வந்தால் இரண்டு மிஷின் சரக்கு கலந்திருக்கிறதா என்று பாருங்கள், மிஷின் வாரியாகப் பிரித்து வரையுங்கள். மொத்தமே மூன்று கம்பம்தான் என்றால் சிக்கல் ஷாஃப்டில் இல்லை. 0.01 மி.மீ. மட்டும் காட்டுகிற மைக்ரோமீட்டரில் 21 மைக்ரான் அனுமதியை அளந்திருக்கிறார்கள். 24.98, 24.99, 25.00 தவிர அதில் வேறு என்ன வரும்?

அப்புறம் கன்ட்ரோல் சார்ட், அளவு நேரம் போகப் போக எப்படி மாறுகிறது என்று காட்டும் படம். வால்டர் ஷூஹார்ட் 1924 மே 16 அன்று வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கில் தன் மேலதிகாரிக்கு எழுதிய குறிப்பு ஏறத்தாழ ஒரே பக்கம். அதிலும் மூன்றில் ஒரு பங்கு படம். பிறந்தது அங்கேதான். ஒரு மணிக்கு ஒரு தரம் ஐந்து பீஸ் எடுத்து அளந்து, சராசரியை ஒரு புள்ளியாகவும், பெரியதுக்கும் சின்னதுக்கும் உள்ள வித்தியாசத்தை இன்னொரு புள்ளியாகவும் வையுங்கள். இருபது, இருபத்தைந்து தொகுப்பு சேர்ந்ததும், வித்தியாசங்களின் சராசரியை 0.577-ஆல் பெருக்கி, மொத்தச் சராசரியோடு கூட்டினால் சராசரிப் புள்ளிகளுக்கு மேல் கோடு, கழித்தால் கீழ்க் கோடு. கால்குலேட்டரே போதும்.

டிராயிங்கில் உள்ள எல்லையை இந்தக் கோடுகளாகப் போட்டுவிடாதீர்கள், எல்லா இடத்திலும் நடக்கிற தவறு இது. டிராயிங் எல்லை கஸ்டமர் கேட்பது, கன்ட்ரோல் கோடு உங்கள் மிஷினால் முடிவது. இந்தச் சார்ட்டால் கிடைக்கிற பெரிய லாபம், எப்போது கை வைக்கக் கூடாது என்று தெரிவது. சிஎன்சி லேத்தில் ஒரு பீஸ் 4 மைக்ரான் கூடினால் உடனே டூலின் நிலையைத் திருத்தும் ஆஃப்செட்டில் 4 குறைக்கிறார்கள், அடுத்தது 3 குறைந்தால் 3 கூட்டுகிறார்கள். நிலையாக ஓடுகிற மிஷினில் ஒவ்வொரு பீசுக்கும் இப்படித் திருத்தினால் அளவின் வேரியன்ஸ் (சிதறலைக் காட்டும் கணக்கு) இரண்டு மடங்காகும் என்பது கணக்கு. அமெரிக்கத் தர நிபுணர் டெமிங் தன் வகுப்புகளில் புனல் வழியாகக் கோலியைப் போட்டு இதைச் செய்து காட்டுவார். புள்ளி கோட்டைத் தாண்டினாலோ, தொடர்ந்து ஏழு புள்ளி ஒரே பக்கமாக ஏறினாலோதான் கை வையுங்கள். அப்படி ஏறினால் முதலில் டூலின் வெட்டும் முனையான இன்சர்ட் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சென்னைப் பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் தரத்துக்காக ஜப்பானில் தரும் டெமிங் விருது வாங்கியது, இந்தியாவில் அதுதான் முதல். பின்னாலேயே வாகனத் துறையில் பல கம்பெனிகள் வாங்கின. இன்று அந்தத் துறைக்குச் சப்ளை செய்கிற இடங்களில் சுவரெல்லாம் சார்ட்தான். ஆனால் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, புள்ளியெல்லாம் நடுக்கோட்டை ஒட்டி, தாளில் ஒரு எண்ணெய்க் கறை கூட இல்லை என்றால், அது ஆடிட்டுக்கு முந்தின ராத்திரி எழுதியது.

அப்படிப் போவதற்குப் பெரும்பாலும் மேலே இருப்பவர்கள்தான் காரணம். புள்ளி கோட்டைத் தாண்டிய அன்று ஆபரேட்டரின் இன்சென்டிவில் கை வைத்தால், மறுநாளிலிருந்து ஒரு புள்ளியும் தாண்டாது. ஆகவே முதலாளிகளிடம் நான் முதலில் கேட்டு வாங்குவது ஒரே ஒரு உறுதி: இந்தத் தாளை வைத்து யார் சம்பளத்தையும் பிடிக்க மாட்டோம் என்று. அது கிடைத்தால் ஒரே ஒரு குறை, ஒரே ஒரு மிஷின் என்று ஆரம்பியுங்கள். இன்சர்ட் பிராண்ட் மாறினாலும், மணல் வாங்கும் இடம் மாறினாலும், கரண்ட் போய் வந்தாலும் சார்ட்டில் அந்தப் புள்ளிக்குப் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டாம்.